புலாக்கின் மூச்சுக் கணக்கு

அத்தோக்
ஜூன் 5, 1988

அன்புள்ள தம்பி லூசியோவுக்கு,

பசிலிசா அக்கா எழுதுவது. நானும் உன் அத்தான் காமிலோவும் ஆண்டவர் வைத்தபடி இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரி எர்லிந்தாவும் சுகமென்றே நம்புகிறேன். இங்கே மலையில் மழை தொடங்கிவிட்டது. முட்டைக்கோசு உருண்டு வருமுன்பே அழுகுகிறது.

நான் எதையும் கேட்டு எழுதுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மிருக வைத்தியம் படித்தவன் நம் வீட்டில் நீ ஒருவன்தான்.

புலாக்கை மறந்திருக்க மாட்டாய். வளர்த்துத் தின்னச் சொல்லி பங்குச் சாமியார் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோடி கொடுத்தாரே, அந்த முயல்களில் ஒன்று. மற்றதைக் கிறிஸ்துமசுக்குச் சமைத்தோம். நீயும் வந்து சாப்பிட்டாய். இதையும் சமைக்க இருந்த வாரத்தில்தான் காமிலோ வாதம் வந்து விழுந்தார். ஆறு மாதம் கழித்து ஒருநாள் இது கூட்டிலிருந்து தப்பி அவர் மடியில் ஏறிக்கொண்டது. மடங்கிக் கிடந்த வலது கை, உன்னை ஆறு தாண்டிப் பள்ளிக்குத் தூக்கிப்போன அதே கை, விரல் விரித்து அதன் முதுகைத் தடவியது. இன்றுவரை அந்தக் கை வேறெதற்கும் விரிவதில்லை. கரண்டிக்கு விரியாது. செபமாலைக்கு விரியாது. எனக்கும் விரியாது. வாயில் வருவதும் ஒரே சொல்தான்: ‘பூ’. புலாக்கைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்.

ஐந்தாறு நாளாக அது மூச்சு விடுவது சரியாகப் படவில்லை. சும்மா படுத்திருக்கும்போதும் விலா இரண்டும் துருத்திபோல் போய் வருகிறது. மூக்கு ஈரமாகவே இருக்கிறது. அதைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால் உட்பக்க மயிர் திரிதிரியாக ஒட்டிக்கிடக்கிறது. சௌசௌ கொழுந்து போட்டால் தின்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல்.

என்ன செய்யலாம், எழுது. டொமினடோரின் காய்கறி லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு. தபாலை நம்பாதே.

உனக்காகத் தினமும் செபமாலையில் ஒரு பத்துமணி சொல்லும்
அக்கா பசிலிசா

*

மணிலா
ஜூன் 19, 1988

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். அத்தான் எப்படி இருக்கிறார்? ராத்திரியில் தூங்குகிறாரா? படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முயல் ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். விலா ஒருமுறை எழும்பி இறங்கினால் ஒன்று. ஒரு வாரம் எழுதி வைத்து அனுப்புங்கள். கூட்டை உலர்வாக வையுங்கள். மூத்திர நெடி மூச்சுக்கு ஆகாது.

வேலை மிகுதியால் சுருக்கமாக எழுத வேண்டியதாயிற்று.

தம்பி
லூசியோ

*

அத்தோக்
ஜூன் 27, 1988

அன்புள்ள லூசியோ,

நாங்கள் அப்படியே இருக்கிறோம். அங்கே சுகமா? பதில் போட்டாயே, அதற்கே மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். தட்டச்சில் அடித்து அனுப்பியிருக்கிறாய், உன் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வழியில்லாமல் போயிற்று. ‘தங்கள்’ என்றெல்லாம் போட்டிருக்கிறாய். மணிலாவில் அக்காமாருக்கு மரியாதை கூடிவிட்டது போலிருக்கிறது.

அத்தான் தூங்குகிறாரா என்று கேட்டிருந்தாய். இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. விடியுமுன் கொஞ்சம் தூங்குகிறார்.

நீ சொன்னபடி எண்ணினேன். நிமிடம் பார்க்க இங்கே கடிகாரம் இல்லை. சுவரில் இருப்பது காமிலோ விழுந்த வருடமே நின்றுவிட்டது. அம்மா நமக்குச் சொல்லித் தந்தாற்போல, ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ செபத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். முட்டை வேகப் பத்து, காப்பி இறங்க ஐந்து. அந்தக் கணக்கு நம் அடுப்படியில் ஒருநாளும் பொய்த்ததில்லை. திங்கள் 38, செவ்வாய் 41, புதன் 37, வியாழன் 42, வெள்ளி 40, சனி 44, ஞாயிறு பூசைக்குப் பிறகு 43.

நான் கூட்டருகே குந்தி நோட்டில் எழுதுவதை பக்கத்து வீட்டு செகுந்தினா வேலிமேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சட்டிக்குப் போக வேண்டியதுக்குப் பக்கம் பக்கமா எழுதுற. உங்க ஆளு குடிக்கிற கஞ்சிக்கு இப்படிக் கணக்கு வச்சியா?”

“உனக்குக் குடுத்த ஜோடி எங்கடி?”

“அது போன ஈஸ்டருக்கே மோட்சம் போயிடுச்சு. ருசியாத்தான் போச்சு.”

பாகியோவில் ஒரு மிருக டாக்டர் இருக்கிறாராம். அடுத்த புதன்கிழமை லாரியில் முன்சீட்டு தருவதாக டொமினடோர் சொல்லியிருக்கிறான். புலாக்கைக் கொண்டுபோய்க் காட்டவா? நீ சொல்கிறபடி செய்கிறேன். உன் பதில் வரும்வரை சீட்டை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

*

மணிலா
ஜூலை 10, 1988

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

அத்தானுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். பகலில் சிறிது நேரம் வெயில் படும்படி நாற்காலியை நகர்த்தினால் தூக்கம் வரும்.

நீங்கள் ஒழுங்காக எண்ணி அனுப்பியது மிகவும் உதவியாக இருந்தது. முயலுக்கு நிமிடத்துக்கு முப்பது முதல் அறுபது வரை இயல்பான மூச்சுதான். உங்கள் எண்கள் எல்லாம் அதற்குள் அடங்குகின்றன. பயப்பட ஒன்றுமில்லை. பாகியோ வரை அலைய வேண்டாம். குலுங்கும் லாரியில் கொண்டுபோனால் அதற்குப் பயத்திலேயே ஏதாவது ஆகிவிடும். மூக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். ஈரக் கொழுந்து போடாதீர்கள்.

தம்பி
லூசியோ

*

அத்தோக்
ஜூலை 24, 1988

அன்புள்ள லூசியோ,

உன் கடிதம் வந்த அன்று நன்றி சொல்லி ஒரு முழு செபமாலை சொன்னேன். பாகியோ பயணத்தை விட்டுவிட்டேன். டொமினடோர் அந்த முன்சீட்டில் ஒரு பன்றிக்குட்டியை ஏற்றிக்கொண்டு போனான்.

எர்லிந்தாவுக்கு என் அன்பு. நாற்காலியை நகர்த்தச் சொன்னாயே, நகர்த்தினேன். மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் 47, 49, 52. அறுபதுக்குள்தான். ஆனால் இப்போது கழுத்தை மேலே நீட்டி, மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறது. தண்ணீரில் நிற்கிறவர்கள் தலையை வெளியே வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடுகிறது. என் கண் ஒன்று சொல்கிறது, நோட்டு ஒன்று சொல்கிறது. நீ படித்தவன். அதனால் நோட்டை நம்புகிறேன்.

காமிலோ அப்படி நம்புகிறவராகத் தெரியவில்லை. முன்பெல்லாம் தடவிக்கொண்டே இருப்பார். இப்போது உள்ளங்கையை அதன் விலாவில் வைத்து நிறுத்திவிடுகிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

“பூ.”

“ஒண்ணுமில்லைங்க. லூசியோவே சொல்லிட்டான். இது அதுக்கு இயல்புதானாம்.”

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ரொட்டியைக் காப்பியில் நனைத்து ஊட்டப் போனேன், வாயைத் திறக்கவில்லை. படிக்காதவர், என்ன சொன்னாலும் புரியாது என்று கோபித்துக்கொண்டேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்ல வேண்டும்.

அக்கா

*

மணிலா
ஆகஸ்டு 7, 1988

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலம். அத்தான் சாப்பிடத் தொடங்கினாரா? ரொட்டி பிடிக்காவிட்டால் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிசைந்து கொடுத்துப் பாருங்கள்.

ஐம்பத்திரண்டும் இயல்புதான். மழைக்காலப் புழுக்கத்தில் சற்று கூடும். அறுபதைத் தாண்டினால் உடனே எழுதுங்கள்.

தம்பி
லூசியோ

*

அத்தோக்
செப்டம்பர் 4, 1988

லூசியோ,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். அவசரமாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காமிலோவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க செவிலி அவேலினா வந்திருந்தாள். கையில் புதுக் கடிகாரம், நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓடும் சிவப்பு முள்ளோடு. கொஞ்சம் கழற்றித் தருகிறாயா, முயலுக்கு எண்ண வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தாள். முதலில் செபத்தை அதோடு வைத்துப் பார்த்தேன். முள் ஒரு சுற்று வருவதற்குள் மூன்று செபம் முடிந்து நாலாவதில் ‘திருவயிற்றின் கனி’ வரை போய்விட்டேன். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் மூன்று.

பிறகு புலாக்கை எண்ணினேன். ஒரு சுற்றுக்கு நூற்று எழுபத்திரண்டு.

“ஏங்க்கா இப்படி வெளுத்துப் போயிட்டீங்க? உங்களுக்கும் அழுத்தம் பாத்துடவா?” என்றாள் அவேலினா. வேண்டாம் என்றேன்.

அப்படியானால் ஜூனில் நான் நாற்பது என்று எழுதியது நூற்று முப்பதுக்கு மேல். ஆனால் செபத்தை வைத்துத்தான் எண்ணினேன் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தேன், தேடிப் பார். நீயும் அதே அடுப்படியில் முட்டைக்குப் பத்து சொன்னவன்தானே. அந்தக் கணக்கை நீ மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இயல்பு என்று சொன்னாயா? அப்படியென்றால் ஒரே வரி எழுது, எனக்கு நிம்மதி. இல்லையென்றாலும் எழுது.

மண் சரிந்து சாலை அடைத்திருக்கிறது. மூட்டைகளைத் தலைச்சுமையாகச் சரிவைத் தாண்டிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் லாரியில் ஏற்றுகிறார்கள். இந்தக் கடிதமும் அப்படித்தான் வரும். தயவு செய்து டொமினடோரை நிற்கவைத்து பதில் கொடு.

அக்கா

*

அத்தோக்
செப்டம்பர் 14, 1988

லூசியோ,

டொமினடோர் வெறுங்கையோடு வந்தான்.

“எர்லிந்தாம்மா ஊர்ல இல்லக்கா. டாக்டர் கையிலேயே குடுத்தேன். அவசரம்னும் சொன்னேன். வாங்கி மேசை மேல வச்சாரு.”

“பிரிச்சானா?”

“ஒரு நாயைப் புடிச்சிட்டிருந்தாரு.”

“எவ்வளவு நேரம் நின்ன?”

“காலிஃபிளவர் வாடிப் போயிடும்க்கா.”

இன்று காலை புலாக் வாயைத் திறந்து மூச்சு விட்டது. முயல் வாயால் மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. காமிலோ அதை மடியில் விடச் சாடை காட்டவும் இல்லை. செகுந்தினா அவர் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவளா சொன்னாள் என்று எனக்கே நம்ப முடியவில்லை. நாளை கூடையில் வைத்து சரிவைத் தாண்டி பாகியோ போகிறேன்.

பசிலிசா

*

அத்தோக்
செப்டம்பர் 25, 1988

லூசியோவுக்கு,

உங்கள் இருவர் சுகத்துக்கும் செபிக்கிறேன்.

பாகியோ டாக்டர் வயதில் உன்னைவிடச் சின்னவர். குழலை அதன் மார்பில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“எத்தனை நாளா இப்படி?”

“ஜூனிலிருந்து.”

“ஜூலையில கொண்டு வந்திருந்தா ஊசியிலேயே கட்டுப்பட்டிருக்கும்மா. இப்ப நுரையீரல் முழுக்கச் சீழ். கொண்டு வரணும்னு தோணலையா?”

“தோணிச்சு. தம்பி வேணாம்னான். அவனும் மிருக டாக்டர்தான்.”

அவர் பேனாவை மூடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உன் பெயரைக் கேட்கவில்லை. அதற்கு நான் நன்றியாக இருக்கிறேன். ஒரு ஊசி போட்டார், போட்டுப் பார்ப்போம் என்றார்.

திரும்பும் வழியில் சரிவுக்கு நடுவில், சேற்றில் பதித்த பலகைமேல் நான் கால் வைத்துக்கொண்டிருக்கும்போது கூடை கனத்தது. கையில் வைத்திருந்தவளுக்குத் தெரியும். நான் குனிந்து பார்க்கவில்லை. பின்னால் மூட்டையோடு ஆட்கள் நின்றார்கள், வழியை மறிக்கக் கூடாது.

காமிலோவுக்கு மூடியைத் திறந்து காட்டினேன். கை விரிந்து வந்தது. அதன் முதுகில் வைத்தார். சூடு இல்லை என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்.

எண்ணியது நான். நோட்டு என்னுடையது. தவறும் என்னுடையதுதான், வேறு யாரையும் சொல்லவில்லை. இப்போது எந்த செபத்தைத் தொடங்கினாலும் வாய் செபிக்கிறது, மனது நேரம் பார்க்கிறது. இதற்கு என்ன பரிகாரம் என்று சாமியாரிடம்தான் கேட்க வேண்டும்.

பசிலிசா

*

மணிலா
அக்டோபர் 9, 1988

அன்புள்ள பசிலிசா அக்காவுக்கு,

நான் எர்லிந்தா. இந்த முறை கையால் எழுதுகிறேன். அத்தான் எப்படி இருக்கிறார்?

ஜூனிலிருந்து உங்களுக்கு வந்த மூன்று கடிதங்களும் நான் தட்டச்சில் அடித்தவை. கீழே இருந்த பெயரும் நான் போட்டதுதான். உங்கள் முதல் கடிதம் வந்தபோது உங்கள் தம்பியிடம் நீட்டினேன். “மலையிலேர்ந்தா? பிரிச்சா போக வேண்டி வரும். நீயே ஏதாவது எழுதிடு” என்றார். நான் டாக்டர் இல்லை. அவருடைய வைத்தியசாலை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொள்கிறவள். அவருடைய புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். ஒரு கடிதத்தைக்கூட அவர் படித்ததில்லை.

நீங்கள் செபம் பற்றி எழுதியிருந்த வரியை நான் ஓட்டமாகப் படித்து, பக்தி என்று நினைத்துவிட்டேன். எண்ணும்போது செபித்துக்கொள்கிறீர்கள் என்று. எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது அக்கா. செபத்தை வைத்து நேரம் பார்ப்பது எனக்குத் தெரியாது.

ஆகஸ்டு இருபதாம் தேதி என் அப்பாவுக்கு முடியவில்லை என்று எங்கள் ஊர் இலோய்லோவுக்குப் போனேன். அடக்கம் முடிந்து இந்த மாதம் இரண்டாம் தேதிதான் திரும்பினேன். உங்கள் மூன்று கடிதங்களும் அவர் மேசையில் பிரிக்காமல் கிடந்தன, மேலே தடுப்பூசிப் பெட்டி. அன்று சாப்பாட்டு நேரத்தில் மூன்றையும் அவருக்கு உரக்கப் படித்தேன்.

“முயல்தானே” என்றார்.

பிறகு அந்த அடுப்படிக் கணக்கு வரும் இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். நான் சும்மா இருந்திருந்தால் நீங்கள் ஜூலையிலேயே பாகியோ போயிருப்பீர்கள். என்னை மன்னிக்க முடியுமா?

எர்லிந்தா

*

மணிலா
அக்டோபர் 18, 1988

அக்கா,

எர்லிந்தா எல்லாம் சொன்னாள். அவள் அப்படி எழுதியிருக்கக் கூடாது. நீயும் கொஞ்சம் யோசித்திருக்கலாம், அவசரம் என்றால் தந்தி அடித்திருக்க வேண்டும். இங்கே ஒரு நாளைக்கு நாற்பது நாய் பார்க்கிறேன், காகிதங்களைப் பார்க்க எனக்கு ஏது நேரம்.

நீ எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இது முயல்களுக்கு வழக்கமாக வரும் சளிநோய். கிருமி மூக்கில் தங்கி, ஈரமும் மூத்திர நெடியும் சேர்ந்தால் நுரையீரலுக்கு இறங்கும். முன்னங்காலில் மயிர் ஒட்டியிருப்பதுதான் முதல் அடையாளம். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி, வாயைத் திறந்துவிட்டால் பிழைக்காது. தொடக்கத்தில் பத்து நாள் ஊசி போட்டிருந்தால் நின்றிருக்கும். முதல் கடிதத்தைப் பார்த்திருந்தாலே நான் சொல்லியிருப்பேன்.

இங்கே ஒருவர் வெள்ளை முயல் குட்டி தருகிறார், நல்ல சாதி. டொமினடோரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆகையால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லறைத் திருநாளுக்கு வர முடியாது. அந்த வாரம் தடுப்பூசி முகாம்.

லூசியோ

*

அத்தோக்
நவம்பர் 2, 1988

அன்புள்ள எர்லிந்தாவுக்கு,

உன் அப்பாவின் ஆன்மாவுக்காக இன்று கல்லறைப் பூசையில் எங்கள் அம்மாவின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொன்னேன். உன் அம்மா எப்படி இருக்கிறார்? தனியாக விட்டுவிட்டு வந்தாயா, துணைக்கு யாராவது இருக்கிறார்களா? நீ சரியாகச் சாப்பிடு.

குட்டி வந்து சேர்ந்தது. நல்ல சாதிதான், பார்த்தாலே தெரிகிறது. காமிலோவின் மடியில் வைத்தேன். அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அதுவே இறங்கிப் போயிற்று. டொமினடோரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வந்திருக்கும்.

புலாக்கின் மேல் வைத்து எடுத்த அன்று மூடிய கை பிறகு திறக்கவில்லை. முன்பு மடங்கித்தான் கிடக்கும், இப்போது இறுக்கிப் பிடித்திருக்கிறது. நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகிறது. அவேலினா ஒரு துணியைச் சுருட்டித் தந்திருக்கிறாள், விரல்களுக்கு நடுவே திணித்து வைக்க. தினமும் காலையில் நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணியை மாற்றுகிறேன். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கிறார். ‘பூ’ என்று சொல்வதில்லை. லூசியோ சொல்லிவிட்டான் என்று ஜூலையில் நான் அவரை அடக்கினேன். எந்தக் கடிதத்தை நம்பி அவரை அடக்கினேன் என்று இப்போது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

மன்னிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். இன்னும் முடியவில்லை எர்லிந்தா, உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் அத்தான் தூங்குகிறாரா, சாப்பிட்டாரா என்று கேட்டவளும் நீதான். நீ சொன்னபடி கிழங்கைப் பிசைந்து கொடுத்தேன், தின்றார். அதுவும் அதே கடிதங்களில்தான் இருந்தது.

உன் வீட்டுக்காரனின் கடிதத்தில் நோயைப் பற்றி எல்லாம் இருக்கிறது. இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான். காமிலோவின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

ஆகையால் இனி உன் பெயருக்கே எழுதுகிறேன். டொமினடோர் உன் கையில் மட்டும்தான் கொடுப்பான். நீ ஊரில் இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுவந்துவிடுவான், சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டாதே. அத்தான் எப்படி இருக்கிறார் என்று அவன் வாயால் கேட்டால், அப்போது சொல். அதுவரை நீயாக ஆரம்பிக்காதே.

பசிலிசா